ஆர்எஸ்வி ஆன்டிபாடியோடு முதல் மாதம்

வைராலஜி ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பி ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். லேபிளில் 'ஆன்டி ஆர்எஸ்வி' என்று இருக்கும், பக்கத்தில் ஏதோ எண்கள். "இதை வெச்சு ஒரு ஸ்லைடு போட்டுப் பாரும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆன்டிபாடி வைரஸில் ஒட்டிய இடத்தை ஒளிரும் சாயத்தால் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அந்த ஸ்லைடு. அந்த நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருப்பதை ஆய்வகத்தில் எல்லோரும் ஆன்டிபாடி என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே.

ஆர்எஸ்வி என்பது ரெஸ்பிரேட்டரி சின்சீஷியல் வைரஸ். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். பெரும்பாலும் வெறும் சளியாகப் போய்விடும். ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு வந்தால் மூச்சுக்குழாயின் நுண்கிளைகள் வீங்கி, நெஞ்சு உள்வாங்கி, பால் குடிக்கவே முடியாமல் திணறும். 1956-இல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம்தான் இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானாக்கும் அவர் குழுவினரும் பால்டிமோர் நகரக் குழந்தைகளிடமிருந்து இதே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். நம் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யில் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்விலும், குழந்தைகளின் சுவாசத் தொற்றுக்குக் காரணமான வைரஸ்களில் ஆர்எஸ்வி முன்வரிசையில் இருந்தது.

பி.சி.ஆர். இருக்கும்போது ஆன்டிபாடி எதற்கு என்று கேட்கலாம். வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் பி.சி.ஆர்.தான் கூர்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்தச் செல்லில் வைரஸ் இருக்கிறது, வளர்ப்புக் குடுவையில் எத்தனை செல்களைப் பிடித்திருக்கிறது, தடுப்பூசி போட்டவரின் சீரம் அதைத் தடுக்கிறதா என்பதையெல்லாம் ஆன்டிபாடி இல்லாமல் பார்க்க முடியாது. கால் மணி நேரத்தில் விடை சொல்லும் கார்டு டெஸ்டுக்குள் இருப்பதும் இதுதான்.

இது எதைப் பிடிக்கும்?

குப்பியைத் திறக்கும் முன் டேட்டா ஷீட்டில் தேட வேண்டியது விலையோ அளவோ அல்ல. இந்த ஆன்டிபாடி வைரஸின் எந்தப் புரதத்தை, எந்த இடத்தில், எந்த வடிவத்தில் பிடிக்கிறது என்பதைத் தேடுங்கள். 'ஆன்டி ஆர்எஸ்வி' என்ற பெயர் அதைச் சொல்லாது. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஆர்எஸ்வியின் பத்து ஜீன்களிலிருந்து பதினொரு புரதங்கள் வருகின்றன. நமக்கு அடிக்கடி வேண்டியவை நான்கு. எஃப் (F), ஜி (G) இரண்டும் வைரஸின் மேற்பரப்பில் நிற்பவை. என் (N), பி (P) இரண்டும் உள்ளே ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக் கிடப்பவை. தொற்றிய செல்லுக்குள் என் புரதமும் பி புரதமும் ஏராளமாகக் குவியும், வைரஸுக்கு வைரஸ் அதிகம் மாறவும் மாறாது. அதனால் நோயறிதலுக்கு என் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி நம்பகமானது. ஆனால் அது செல்லுக்கு உள்ளே போனால்தான் வேலை செய்யும். துளையிடாத உயிருள்ள செல்மேல் அதை ஊற்றினால் ஒன்றும் தெரியாது. அங்கே எஃப் அல்லது ஜி ஆன்டிபாடிதான் வேண்டும்.

ஜி புரதத்தில் கவனம் தேவை. ஆர்எஸ்வியில் ஏ (A), பி (B) என்று இரண்டு பிரிவுகள் உண்டு. 1985-இல் மோனோகுளோனல் (ஒரே செல் வம்சத்தில் உருவாகி ஒரே இடத்தைப் பிடிக்கும்) ஆன்டிபாடிகளைக் கொண்டுதான் அவற்றைப் பிரித்தறிந்தார்கள். எஃப் புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஜி அப்படியில்லை, அமினோ அமில வரிசையில் பாதியளவுதான் பொருந்தும். போதாததற்கு, 1999-இல் பியூனஸ் அயர்ஸில் கண்டறியப்பட்ட பி பிரிவு வைரஸின் ஜி ஜீனில் 60 எழுத்துகள் இரட்டித்திருந்தன. 2010-இல் கனடாவின் ஒன்டாரியோவில் கிடைத்த ஏ பிரிவு வைரஸில் 72 எழுத்துகள். அந்த இரண்டு வம்சமும் இன்று உலகெங்கும் பரவிவிட்டன. பழைய வைரஸை வைத்துச் செய்த ஜி ஆன்டிபாடி இன்றைய வைரஸைப் பிடிக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. 131-2ஜி என்ற குளோன் (ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியின் பெயர்) விதிவிலக்கு. அது ஜி புரதத்தின் மாறாத நடுப்பகுதியைப் பிடிப்பதால் இரண்டு பிரிவுக்கும் உதவும்.

எஃப் புரதத்தின் கதை வேறு. செல்லோடு இணைவதற்கு முன் ஒரு வடிவம், இணைந்த பின் இன்னொரு வடிவம். முன்வடிவம் நிலையற்றது. சூடு பட்டாலும், நாள்கணக்கில் சும்மா வைத்திருந்தாலும் பின்வடிவத்துக்குத் தாவிவிடும், திரும்பி வராது. டி25 போன்ற ஆன்டிபாடிகள் முன்வடிவத்தின் உச்சியை மட்டுமே பிடிக்கும், அந்த இடத்துக்கு சைட் பூஜ்யம் என்று பெயர். ஆர்எஸ்வி தடுப்பு ஊசியாக வந்த ஆன்டிபாடியான பாலிவிசுமாப் பிடிக்கும் சைட் 2 இரண்டு வடிவத்திலும் இருக்கிறது. எனவே பல மாதம் வைத்திருந்த வைரஸ் ஸ்டாக்கின்மேல் டி25 வகை ஆன்டிபாடியைப் போட்டுவிட்டு, ஒளி மங்கலாக இருக்கிறது என்று ஆன்டிபாடியைக் குறை சொல்லாதீர்கள். அது தேடும் வடிவம் ஸ்டாக்கில் மிஞ்சாமல் போயிருக்கலாம்.

இந்த வடிவ விஷயம் வெறும் ஆய்வக நுணுக்கம் அல்ல. 1960-களில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வி தடுப்பூசியை அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதன்பின் இயற்கையாக வைரஸ் தொற்றியபோது, ஒரு சோதனையில் ஊசி போட்டுத் தொற்று வந்த குழந்தைகளில் 80 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. போடாதவர்களில் அது 5 சதவீதம். இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊசியால் உருவான ஆன்டிபாடிகள் வைரஸில் ஒட்டின, ஆனால் அதைத் தடுக்கவில்லை. முன்வடிவத்தின் அமைப்பு 2013-இல் தெளிவான பிறகுதான் இன்றைய தடுப்பூசிகளுக்கு வழி திறந்தது. ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு என்பதை ஆன்டிபாடியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

டேட்டா ஷீட்டில் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, எந்த விலங்கின் ஆன்டிபாடி என்பது. எலியுடையது என்றால் இரண்டாவது ஆன்டிபாடி (முதலாவதின்மேல் ஒட்டி ஒளி காட்டுவது) எலி ஐஜிஜியை, அதாவது எலியின் ஆன்டிபாடி வகையைப் பிடிப்பதாக இருக்க வேண்டும். பாலிவிசுமாப் மனித ஐஜிஜியாக மாற்றியமைத்தது, அதற்கு மனித ஐஜிஜியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி தேவை. நோயாளியின் மூக்குச் சளியில் மனித ஐஜிஜி ஏற்கெனவே நிறைய இருப்பதால் ஸ்லைடு முழுக்க ஒளிரும். செல் வளர்ப்பில் சரியாக வரும் இந்த ஜோடி, நோயாளி மாதிரியில் உதவாது.

இரண்டாவது, மோனோகுளோனலா பாலிகுளோனலா என்பது. ஆட்டிலிருந்து எடுத்த பாலிகுளோனல் (பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை) நல்ல பிரகாசமாகத் தெரியும், பிளாக் (வைரஸ் பரவிய செல் திட்டு) எண்ணுவதற்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஆட்டுக்குச் செலுத்திய வைரஸ் மனிதச் செல்லில் வளர்த்ததாக இருந்தால், அந்தச் செல்லுக்கு எதிரான ஆன்டிபாடியும் சேர்ந்தே வந்திருக்கும். மனிதச் செல்மேல் போட்டால் தொற்றாத செல்லும் மினுங்கும். முதல் ஸ்லைடுக்கு, என் புரதத்தையோ எஃப் புரதத்தின் மாறாத பகுதியையோ பிடிக்கும் எலி மோனோகுளோனல் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்தவுடன் செய்ய வேண்டியது

குப்பியை அப்படியே திறக்காதீர்கள். சிறிய சென்ட்ரிஃப்யூஜில் சில நொடி சுற்றுங்கள். பயணத்தில் பாதி ஆன்டிபாடி மூடியில் ஒட்டியிருக்கும், திறந்தால் விரலோடு போய்விடும். பிறகு 10 முதல் 20 மைக்ரோலிட்டராகப் பிரித்துச் சிறு குழாய்களில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் குளோன் பெயர், லாட் எண், தேதி. உறையவைத்து உருக்குவதை ஒரு குழாய்க்கு ஒரு முறையோடு நிறுத்த வேண்டும். தானாகவே பனி உருக்கும் ஃப்ரீசர் இதற்கு ஆகாது, அதன் வெப்பநிலை ஏறி ஏறி இறங்கும். ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. 4 டிகிரியில், அலுமினியத் தாள் சுற்றி, இருட்டில் வையுங்கள்.

கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். அது நஞ்சு. ஈயம், செம்புக் குழாய்களில் படிந்தால் வெடிக்கும் உப்பாகும், ஆகவே சிங்க்கில் ஊற்றக் கூடாது. சோதனையில் நிறம் வரவைக்கும் எச்.ஆர்.பி. என்சைமையும் அது முடக்கும். எச்.ஆர்.பி. வைத்துச் செய்யும் எலைசாவில் (ஆன்டிபாடி பிடித்ததை நிறத்தால் காட்டும் சோதனை) நிறமே வராவிட்டால், பஃபரில் அசைடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எவ்வளவு நீர்க்கச் செய்வது?

டேட்டா ஷீட்டில் 1:100 என்று இருந்தால் அது அவர்களுடைய செல், அவர்களுடைய மைக்ராஸ்கோப். உங்கள் கையில் எது பொருந்தும் என்று நீங்களே பார்க்க வேண்டும்.

ஹெப்-2 என்ற மனிதச் செல்லை வளர்த்து, ஏ2 அல்லது லாங் என்ற ஆய்வக ஆர்எஸ்வி வகையைக் கொஞ்சமாகத் தொற்றவிடுங்கள். (ஹெப்-2 என்று நாம் அழைப்பது உண்மையில் ஹீலா செல்தான், ஆர்எஸ்வி அதில் நன்றாக வளரும் என்பதால் பெயரோடு பழகிவிட்டோம்.) இரண்டு நாளில் செல்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே உடலுக்குள் பல கருக்களோடு சின்சீஷியம் தோன்றும். அப்போது செல்களைப் பெயர்த்து, தொற்றாத செல்லோடு ஒன்றுக்கு மூன்று கலந்து ஸ்லைடில் இடுங்கள். ஒவ்வொரு பார்வைப் பரப்பிலும் ஒளிரும் செல்லுக்குப் பக்கத்திலேயே ஒளிராத செல் நிற்கும், கண்ணுக்கு ஒப்பீடு அங்கேயே கிடைத்துவிடும். இப்படி ஒரே நாளில் நாற்பது ஸ்லைடு செய்து, அசிட்டோனில் நிலைநிறுத்தி, ஈரம் புகாமல் மூடி, மைனஸ் 70-இல் வைத்தால் பல மாதத்துக்கு வரும்.

பிறகு 1:50, 1:100, 1:200, 1:400, 1:800, 1:1600 என்று வரிசையாக. 1:200 என்றால் 5 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி, 995 மைக்ரோலிட்டர் பஃபர். மூலக் கரைசல் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் இப்போது மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருக்கும். மிகப் பிரகாசமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுக்க மனம் ஆசைப்படும், வேண்டாம். தொற்றிய செல்லுக்கும் தொற்றாத செல்லுக்கும் வித்தியாசம் எங்கே அதிகமோ அதுதான் உங்கள் அளவு. லாட் மாறினால் மறுபடியும் இதைச் செய்யுங்கள்.

நோயாளி மாதிரியில் ஸ்லைடு

1. மூக்கின் உட்பகுதியிலிருந்து உறிஞ்சி எடுத்த சளி ஐஸ்மேல் வர வேண்டும், சில மணி நேரத்துக்குள். எல்லா வேலையும் பயோசேஃப்டி கேபினெட்டுக்குள். உள்ளே ஆர்எஸ்வி மட்டும்தான் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

2. குளிர்ந்த பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) சேர்த்து, பிப்பெட்டால் மெல்ல ஏற்றி இறக்கிச் சளியை உடையுங்கள். சுமார் 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு) விசையில் பத்து நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் கோழையை நீக்குங்கள். மறுபடியும் கழுவுங்கள். இந்த வேலையில் பொறுமை வேண்டும். கோழை மிச்சமிருந்தால் ஆன்டிபாடியை நூல்நூலாகப் பிடித்துக்கொண்டு ஒளிரும், பிறகு எந்தச் செல்லும் தெளிவாகத் தெரியாது. அடியில் தங்கிய செல், கழுநீர் போல இலேசாகக் கலங்கித் தெரிந்தால் போதும்.

3. ஸ்லைடின் ஒவ்வொரு குழியிலும் 20 மைக்ரோலிட்டர் இட்டு, காற்றில் முழுக்க உலரவிடுங்கள். ஈரத்தோடு அசிட்டோனில் போட்டால் செல் கழன்று வந்துவிடும்.

4. குளிர்ந்த அசிட்டோனில் பத்து நிமிடம். அசிட்டோன் செல்லை நிலைநிறுத்துவதோடு துளையும் போட்டுவிடும். ஃபார்மலின் பயன்படுத்தினால் தனியாகத் துளையிட வேண்டும், சில ஆன்டிபாடிகளுக்கு அது பிடி இடத்தையே மறைத்துவிடும். அசிட்டோன் ஜாடியைத் திறந்தபடி சாதாரண ஃப்ரிட்ஜுக்குள் வைக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

5. ஆன்டிபாடி 20 மைக்ரோலிட்டர். ஈரத் துணி விரித்த மூடிய டப்பாவுக்குள் 37 டிகிரியில் அரை மணி நேரம். ஓரம் உலர்ந்தால் அந்த ஓரம் முழுக்கப் பொய்யாக மின்னும்.

6. பி.பி.எஸ்.ஸில் இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம். முதல் அலசலில் ஒரு குழியின் நீர் அடுத்த குழிக்கு ஓடாதபடி ஸ்லைடைச் சாய்த்துப் பிடியுங்கள்.

7. எஃப்ஐடிசி என்ற பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய, எலி ஐஜிஜியைப் பிடிக்கும் ஆன்டிபாடி, கொஞ்சம் ஈவன்ஸ் புளூ கலந்து. மறுபடியும் அரை மணி நேரம், இருட்டில். ஈவன்ஸ் புளூ மற்றவற்றைச் சிவப்பாக்கி ஒப்பீடு தரும், மிஞ்சினால் மங்கலான பச்சையை விழுங்கிவிடும்.

8. கழுவி, காரத்தன்மையுள்ள கிளிசரால் ஒரு சொட்டு விட்டுக் கவர் ஸ்லிப் போடுங்கள். காரம் கூடுதலாக இருந்தால் எஃப்ஐடிசி நன்றாக ஒளிரும்.

கண்ணில் என்ன தெரிய வேண்டும்

முதலில் செல்லை எண்ணுங்கள். பல கிட்கள் ஒரு குழியில் குறைந்தது 20 தூண் வடிவ எபிதீலியச் செல்களாவது வேண்டும் என்கின்றன. செல் போதாவிட்டால் 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது, 'மாதிரி போதாது' என்று எழுதி மறுபடி கேளுங்கள். வார்டில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தொற்றிய செல் எப்படி இருக்கும் என்றால், நடுவில் கரு சிவந்து இருண்டிருக்கும். அதைச் சுற்றி சைட்டோபிளாசத்தில் கிளிப்பச்சையில் பொடிப்பொடி மணிகள், இடையிடையே கொஞ்சம் பெரிய உருண்டைகள். அந்த உருண்டைகள் என், பி புரதங்கள் குவிந்து வைரஸ் பெருகும் இடங்கள். கருவுக்குள் பச்சை இருந்தால் அது ஆர்எஸ்வியின் வழக்கம் இல்லை, எங்கோ தவறு என்று நில்லுங்கள். மஞ்சள் கலந்த பச்சை, சீழ்ச்செல்லின் மினுக்கம், கோழை நூல் எல்லாம் கணக்கில் வராது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் மேலுள்ள புரோட்டீன் ஏ ஆன்டிபாடியை வாலில் பிடித்துக்கொள்ளும், செல்லுக்கு வெளியே சின்னச் சின்ன உருண்டைக் கொத்தாக மின்னும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் ஆறு மாதிரி போட்டேன், ஆறும் பச்சை. சந்தோஷத்தோடு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். எங்கள் சீனியர் அக்கா ஸ்லைடை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெறும் செல் போட்ட குழி எங்கப்பா?" என்றார். அன்று இடம் போதவில்லை என்று அதை விட்டிருந்தேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் அதே ஆன்டிபாடியை வெறும் ஹெப்-2 செல்மேல் போடச் சொன்னார். அதுவும் பச்சையாக எரிந்தது. இரண்டாவது ஆன்டிபாடியை நான் பத்து மடங்கு அடர்த்தியாகக் கலந்திருந்தேன். ஆறு குழந்தைகளின் ரிப்போர்ட் வெளியே போகாமல் நின்றது அந்த ஒரு கேள்வியால்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்லைடிலும் எனக்கு நான்கு குழிகள் கட்டாயம்: தொற்றிய செல்லில் ஆன்டிபாடி, தொற்றாத செல்லில் அதே ஆன்டிபாடி, தொற்றிய செல்லில் இரண்டாவது ஆன்டிபாடி மட்டும், தொற்றிய செல்லில் அதே ஐசோடைப்புள்ள (அதே ஆன்டிபாடி உட்பிரிவு), சம்பந்தமில்லாத எலி ஆன்டிபாடி. இரண்டாவது குழியும் ஒளிர்ந்தால் மூன்றாவது குழியைப் பாருங்கள். அதுவும் ஒளிர்ந்தால் குற்றம் இரண்டாவது ஆன்டிபாடியுடையது. எதுவுமே ஒளிராவிட்டால் முதல் குழியில் தொடங்குங்கள்: விளக்கும் ஃபில்டரும் சரியா, ஜோடி பொருந்துகிறதா, குழாய் எத்தனை முறை உருகியது என்ற வரிசையில்.

வேறு சோதனைகளுக்கு மாறும்போது

ஸ்லைடில் அழகாக வேலை செய்த ஆன்டிபாடி வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) ஊமையாகிவிடலாம். அங்கே புரதம் மடிப்புக் குலைந்து நூலாகிவிடுகிறது. மடிப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. எஃப் புரதம் ஒடுக்கிய (சல்ஃபர் பிணைப்புகளை உடைத்த) ஜெல்லில் எஃப்1, எஃப்2 என்று பிரிந்து சுமார் 50, 20 கிலோடால்டனில் (புரத எடையின் அளவு) ஓடும். ஒடுக்காமல் விட்டால் இரண்டும் ஒட்டியபடி 70 அருகே நிற்கும். ஜி புரதத்தின் முதுகெலும்பு 32 கிலோடால்டன்தான், ஆனால் சர்க்கரை ஏறி ஏறி 90 அருகே பட்டையாகத் தெரியும். தவறான பேண்ட் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கார்டு டெஸ்டில் ஒரு ஆன்டிபாடி கோட்டில் உட்கார்ந்திருக்கும், தங்கத் துகள் ஏற்றிய இன்னொன்று மாதிரியோடு ஓடி வரும். இரண்டும் வைரஸ் புரதத்தின் வெவ்வேறு இடத்தைப் பிடிக்க வேண்டும். கன்ட்ரோல் கோடு தெரிந்தால் திரவம் ஓடியது என்று மட்டுமே பொருள், மாதிரி சரியாக எடுக்கப்பட்டது என்று அல்ல. பெரியவர்களின் மூக்கில் வைரஸ் குறைவாகவே இருக்கும். 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் இவ்வகை விரைவுச் சோதனைகள் தொற்றுள்ள குழந்தைகளில் 81 சதவீதம் பேரையும், பெரியவர்களில் 29 சதவீதம் பேரை மட்டுமே கண்டுபிடித்தன. முதியவருக்குக் கார்டு நெகட்டிவ் என்றால் பி.சி.ஆர். கேளுங்கள்.

கடைசியாக வார்டுக்கு ஒரு ஃபோன். குறைமாதத்தில் பிறந்த சிசு என்றால், ஆர்எஸ்வி வராமல் தடுக்க ஆன்டிபாடி ஊசி போட்டிருக்கிறார்களா, எந்த ஊசி என்று கேளுங்கள். 1998-இல் பயன்பாட்டுக்கு வந்த பாலிவிசுமாப் என்றால், அது எஃப் புரதத்தின் சைட் 2-ஐ ஏற்கெனவே பிடித்து உட்கார்ந்திருக்கலாம். உங்கள் ஆன்டிபாடியும் அங்கேயே பிடிப்பதாக இருந்தால் வைரஸ் இருந்தும் நெகட்டிவ் வரும். டி25-இலிருந்து உருவான நிர்செவிமாப் என்றால் அது சைட் பூஜ்யத்தைப் பிடிக்கிறது, சைட் 1, 2, 4-ஐப் பிடிக்கும் சோதனைகளுக்கு இடைஞ்சல் செய்யாது. எது என்று வார்டில் தெரியாவிட்டால், அந்த மாதிரியை என் புரத ஆன்டிபாடியால் ஒரு குழி கூடுதலாகப் போடுங்கள். குழந்தை மூச்சு வாங்குகிறது, ஸ்லைடு நெகட்டிவ் என்றால், மிச்ச மாதிரியைப் பி.சி.ஆருக்கு அனுப்பிவிட்டுத்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுங்கள்.